சிங்கப்பூரில் ஏந்திய மடிப்பிச்சை

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். நேர்த்திக்கடனைத் தீர்த்தவர்கள் அதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேலும் நான் எழுத்தாளனில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சூடம், சாம்பிராணி, விபூதி விற்றுப் பிழைக்கிற குடும்பஸ்தன். ஆனால் போன மாதம் என் மனைவி விசாலம், "ஏங்க, அவங்கவங்க கண்ணு மூக்கு வச்சுச் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. நீங்க நடந்தது நடந்தபடி எழுதிப்புடுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து பொய் வராம பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். இதோ, பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் சிங்கப்பூர் போன காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய வருஷம் விசாலத்துக்கு வயிற்றில் கட்டி. மெட்ராஸில் காட்டியதில் புற்று என்று சொல்லி, வாரக்கணக்கில் தினம் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கட்டியைக் கருக்குகிற அந்த வைத்தியத்துக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் அதுதான். கரண்டு வைக்கக் கொஞ்ச நேரம்தான். முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும், மறுநாள் மறுபடி போக வேண்டும். பக்கத்தில் ஒரு அறை எடுக்கலாம் என்று தெருத் தெருவாக அலைந்தேன். என்ன வியாதி என்று கேட்பார்கள், பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்துவார்கள். "தொத்திக்கும்" என்றார்கள். கடைசியில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் மூட்டை முடிச்சோடு கிடந்தோம், எங்களைப் போல வந்த இன்னும் பல குடும்பங்களோடு. அந்த மரத்தடியில் படுத்துக்கொண்டுதான் விசாலம் வேண்டிக்கொண்டாள்: "ஆத்தா, நான் பொழச்சு எழுந்தா மடிப்பிச்சை ஏந்தி, எனக்குப் பின்னால கரண்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு கூரை போடறேன்."

பிழைத்தாள். எழுந்தாள். எழுந்ததோடு நிற்காமல் முன்னைவிட அதிகமாகப் பேசவும் ஆரம்பித்தாள்.

ஊர் திரும்பிக் கதையைச் சொன்னதும் கடைத்தெருக்காரர்கள் கூடினார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு விடுதி கட்டியே தீர வேண்டும் என்று முடிவானது. "அவ்வளவுக்கு நாம எங்க போறது? உன் மச்சினன் சிங்கப்பூர்ல இருக்கான். நம்ம பக்கத்துச் சனம் அங்க கொட்டிக் கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஆத்தா வேண்டுதலும் ஆச்சு, கட்டடத்துக்கும் ஆச்சு" என்று எங்களை அனுப்பிவைத்தார்கள்.

மடிப்பிச்சை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் புடவை கட்டி, முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தி, வாசல் வாசலாக நிற்பது. எவ்வளவு வசதியானவர்களும் நிற்க வேண்டும். அதுதான் அதன் மகிமை. இன்னது போடு என்று வாய் திறந்து கேட்கக் கூடாது. போட்டதை வேண்டாம் என்று தள்ளக் கூடாது. மடியில் விழுந்ததை விற்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் இது. மடிப்பிச்சை முதலில், மற்ற வசூல் அப்புறம் என்று வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு நோட்டாக விழும், இரண்டு நாளில் பாதிக் கட்டடம் எழும்பிவிடும் என்பது என் கணக்கு.

கப்பலைப் பற்றி எழுத மாட்டேன். எழுதச் சொல்லி விசாலம் சிரிக்கிறாள். நான் குடித்த கஞ்சியெல்லாம் வங்காள விரிகுடாவுக்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் என் மச்சினன் தங்கராசு லாரியோடு வந்து நின்றான். அரிசி, வெங்காய மொத்த வியாபாரி ஒருவரிடம் அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். "அத்தான், முன்னாடி ஏறுங்க. அக்கா, நீயும் ஏறு. தலையை வெளிய நீட்டாத" என்றான். விசாலம் கேட்பாளா? சிராங்கூன் ரோடு வரும்வரை அவள் தலை வெளியேதான் இருந்தது. ஐயோ, அந்த ரோடு! மூக்கைத்தான் முதலில் பிடித்து இழுத்தது. ஒரு பக்கம் மிளகாய் அரைக்கிற மில், ஒரு பக்கம் மல்லிகைப்பூ, அதற்கு அடுத்து மாட்டுக் கொட்டகை, நடுவில் வறுத்த காப்பிக்கொட்டை. எங்கள் ஊர்க் கடைத்தெருவை எடுத்து, நாலு மடங்கு ஆக்கி, வெள்ளையடித்து, மேலே மாடி வைத்து, மாடியிலிருந்து மூங்கில் கழியில் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. ஒரு கடைப் பலகையில் தமிழைப் பார்த்ததும் நான் சத்தமாகப் படித்தேன். அடுத்த பலகையையும் படித்தேன். "அத்தான், எல்லாத்தையும் படிச்சீங்கன்னா வீடு போக நாளைக்கு ஆயிடும்" என்றான் தங்கராசு.

மில்லுக்கு மேல் ஒற்றை அறை அவர்கள் வீடு. தங்கராசின் மனைவி மீனாட்சி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். நல்ல பெண், மனதில் பட்டதை அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து உடனே சொல்லிவிடுவாள். விசாலம் பெட்டியிலிருந்து மஞ்சள் புடவையை எடுத்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணி, இது சிங்கப்பூர்லா! மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு வாசல் வாசலா நின்னா ஆளு என்ன சொல்லும்? என் தம்பி ஆபீஸ்ல வேலை பாக்கறான். நாளைக்கு அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"நீ பாக்க வேணாம். நான் உன் தம்பி வீட்டுக்கும் போய் நிக்கறேன், அவனே என் மூஞ்சிய பாக்கட்டும்" என்றாள் விசாலம்.

மறுநாள் காலை, கீழே தெருவோரக் காப்பிக்கடையில் ரொட்டிக்குத் தடவிக் கொடுத்த தேங்காய்ப்பால் பாகு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கயா என்று பெயராம். தேவாமிர்தம். இரண்டாவது ரொட்டி, மூன்றாவது ரொட்டி. நாலாவதைக் கடிக்கும்போதுதான் மீனாட்சி, "அண்ணே, நீங்க சைவம்னு சொன்னீங்க? அதுல முட்டைலா!" என்றாள். உள்ளே போனதை என்ன செய்வது? மாரியாத்தாளிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். விசாலம், "மூணு ரொட்டிக்கும் சேர்த்துக் கேளுங்க" என்றாள்.

மாரியம்மன் கோயிலில் புடவையை வைத்துக் கும்பிட்டு அவள் உடுத்திக்கொண்டாள். முதல் வாசல் ஒரு பூக்கடைக்காரர் வீடு. "மாரியாத்தா மடிப்பிச்சை, தாயே!" என்று அவள் கூப்பிட்டதும் உள்ளிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்தாள். பார்த்தவுடன் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "யாரு பெத்த பிள்ளையோ" என்று முணுமுணுத்தவள் உள்ளே போய் வந்தாள். நான் ஆவலாக எட்டிப் பார்த்தேன். இரண்டு கை நிறைய அரிசி!

சரி, ஆத்தாளுக்கு முதல் பிடி அரிசியாக விழுந்தது நல்ல சகுனம் என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் அரிசி. அதற்கடுத்தது அரிசி. பால்கார வீட்டில் ஒரு படி அரிசி. மீனாட்சியின் தம்பி வீட்டில், அவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, அவன் மனைவி சுளகு நிறையப் புழுங்கல் அரிசி கொண்டுவந்து கொட்டிக் காலில் விழுந்து கும்பிட்டாள். கடல் கடந்து வந்து இத்தனை வருஷமாகியும் ஒருத்தர்கூட வழக்கத்தை மறக்கவில்லை! மடிப்பிச்சை என்றால் அரிசி. அவ்வளவுதான். நான்தான் மறந்து தொலைத்தேன்.

"காசு போடுங்கன்னு ஒரு வார்த்தை..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"கேக்கக் கூடாதுங்க" என்றாள்.

"நான் கேட்கிறேனே?"

"நீங்க என் பின்னால வர்றீங்கல்ல? அப்ப உங்க வாயும் என் வாய்தான். மூடுங்க."

சாயங்காலம் தங்கராசு அறையில் இரண்டு மூட்டை நின்றது. பச்சரிசி, புழுங்கல், சயாம் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து. சேதி அதற்குள் தெரு முழுக்கப் பரவி, நாங்கள் போகாத வாசல்காரர்கள் கோபித்துக்கொண்டு ஆளனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் கேலாங் பக்கத்துச் சனங்கள் கூப்பிட்டார்கள். தங்கராசுவையும் கூட்டிக்கொண்டு, தலையில் இரண்டு கொம்பு முளைத்த பஸ்ஸில் போனோம். மேலே கம்பியில் அந்தக் கொம்பு உரசி மின்சாரம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சத்தமில்லை, புகையில்லை, தேர் மாதிரிப் போகிறது. "ஆத்தா பல்லக்கு" என்று விசாலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்ட கை எடுப்பதற்குள் ஒரு திருப்பத்தில் டமார் என்று சத்தம்; கொம்பு கம்பியை விட்டு நழுவி ஆகாயத்தைக் குத்திக்கொண்டு நின்றது. பல்லக்கு நடுச்சந்தியில் படுத்துவிட்டது. கண்டக்டர் நீள மூங்கிலை உருவிக்கொண்டு இறங்கி, கொம்பைக் கம்பியில் மாட்டப் பார்க்கிறார். மாட்டுகிறது, நழுவுகிறது. கீழே நின்ற சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஆளுக்கொரு பாஷையில் யோசனை சொல்லுகிறார்கள். "கொஞ்சம் இடப்பக்கம்!" "வலப்பக்கம்யா!" நம் ஊரில் தேர் வடம் இழுக்கும்போது ஓரத்தில் நிற்கிறவன் சொல்லுகிற அதே யோசனைகள்.

நான் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால் விசாலத்தைக் காணோம். சந்தி ஓரத்தில் மடியை ஏந்தி நிற்கிறாள்! கஞ்சிக்கடை போட்டிருந்த ஒரு சீனப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மஞ்சள் உடுப்பைப் பார்த்துச் சாமியாரம்மா என்று நினைத்துக்கொண்டாள் போலும். கைகூப்பி, ஒரு கிண்ணம் அரிசியும் மேலே ஒரு ஆரஞ்சுப் பழமும் வைத்தாள். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்தார். தங்கராசு மலாய் பாஷையில் பேசினான். அவர்கள் பேசியதை அப்புறம் அவன் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"தெருவில் பிச்சை எடுக்கக் கூடாது, தெரியுமா?"

"பிச்சை இல்லைங்க, வேண்டுதல். காசு வாங்குவதில்லை. அரிசி மட்டும்."

"அரிசி மட்டுமா? காசு கொடுத்தால்?"

"யாரும் கொடுக்கமாட்டேன் என்கிறார்களே!"

போலீஸ்காரர் யோசித்தார். "எதற்காக வேண்டுதல்?" என்று கேட்டார். தங்கராசு வயிற்றைத் தொட்டுக் காட்டி, நோயின் பெயரைச் சொல்லி, இப்போது பிழைத்திருக்கிறாள் என்றான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என் அக்காளுக்கும் அதுதான். பிழைக்கவில்லை" என்றார். பஸ் புறப்படுகிற வரைக்கும் அவரே வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்.

கேலாங்கிலும் அரிசி. திரும்பி வந்தபோது அறையில் மனிதர் நிற்க இடமில்லை. மீனாட்சி மூட்டைமேல் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "அண்ணே, நாங்க அரிசிக்கு வாடகை கட்டறமா, அரிசி எங்களுக்கு வாடகை கட்டுதா?" என்று கேட்டாள்.

போகட்டும், மடிப்பிச்சை முடிந்தது, இனிமேல் பண வசூல் என்று மறுநாள் நானும் தங்கராசுவும் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறினோம். முதல் கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். "வாங்க வாங்க! நம்ம வீட்லதான் அன்னைக்கு அக்காவுக்கு அரிசி போட்டமே, திருப்தியா?" அடுத்த கடை: "எங்க வீட்ல போட்டாச்சு." மூன்றாவது கடைக்காரர், "ஊர்லேர்ந்து வசூலுக்கு வர்றவங்களைப் பார்த்தா நான் பின்வாசல் வழியாப் போயிடுவேன். ஆனா ஒங்க வீட்டம்மா ஒண்ணுமே கேக்கலை பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. நல்லா இருங்க!" என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எல்லாரும் கொடுத்தாகிவிட்டது! மனம் நிறையக் கொடுத்துவிட்ட மனிதரிடம் மறுபடி எப்படிக் கை நீட்டுவது? தங்கராசு சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் சிரிப்பு. நடுத்தெருவில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். மெட்ராஸ் மரத்தடியில் இப்போதும் யாரோ படுத்திருக்கிறார்கள். விசாலத்தின் வேண்டுதல் அந்தரத்தில் நிற்கிறது. நான் அரிசியோடு நிற்கிறேன். விற்கவும் கூடாது.

தங்கராசின் முதலாளி காதர் மரைக்காயர், நாகூர்க்காரர். வெள்ளைத் தொப்பி, வெற்றிலை, உரத்த குரல். சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "என்ன தங்கராசு, உங்க அக்கா சிராங்கூன் ரோட்டையே மடியில அள்ளிட்டாங்களாமே? நான் மொத்த வியாபாரம் பண்ணி என்னத்தக் கண்டேன், பேசாம மஞ்சப் புடவை கட்டியிருக்கலாம்!" என்று கேலி செய்துவிட்டு, "தஞ்சோங் பகார் பக்கம் நம்ம கடை மாடி ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு. வெங்காயத்தை எடுத்தாச்சு. மூட்டையை அங்க போட்டுக்கங்க" என்றார்.

லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். மாடியில் வெங்காய வாசனை இன்னும் போகவில்லை. மூட்டைகளை அடுக்கியதும் மாடி நிறைந்துவிட்டது. விசாலம் மூச்சு வாங்க ஜன்னல் ஓரம் போனவள், "ஏங்க, இங்க வாங்க" என்றாள். எதிரே ஒரு மேடு; மேட்டின் மேல் பெரிய ஆஸ்பத்திரி. கீழே கடைகளின் முன்நடையில், அஞ்சடி என்பார்கள் அதை, மூட்டையும் தூக்குச்சட்டியுமாகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு விலகியபோது கழுத்தில் ஊதா மையால் போட்ட கோடுகள் தெரிந்தன. கரண்டு எங்கே விழ வேண்டும் என்று டாக்டர் போடுகிற கோடு. அழியாமல் காப்பாற்ற வேண்டும். விசாலத்தின் வயிற்றில் அது எத்தனை வாரம் இருந்தது!

நான் படி இறங்குவதற்குள் அவள் அந்த மனிதர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனாவது கரண்டுண்ணே?"

அவர் பெயர் ரெங்கன். ஜொகூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பக்கத்தில் இருந்த மனைவி செல்லம்மாதான் பதில் சொன்னாள். அவருக்குத் தொண்டை புண்ணாகிப் பேச்சு எழும்பவில்லை. "பாதி ஆச்சுக்கா. தெனம் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டிப் போய் வர ஒடம்புல தெம்பில்லை. ரூம் கேட்டா, கழுத்தைப் பார்த்துட்டு இல்லேங்கறாங்க. இப்படியே உட்கார்ந்துக்கறோம். மழை வந்தா அந்தப் பக்கத்துத் தூணுக்கு நகர்ந்துக்குவோம்."

"சாப்பாடு?"

"இவருக்கு முழுங்க முடியலைக்கா. கட்டியா எது போனாலும் அழறாரு."

விசாலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். அடுப்புக்கு வழி பார் என்று அர்த்தம்.

மரைக்காயர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய தேக்சா வந்தது. மீனாட்சி பருப்பும் சீரகமும் கொண்டுவந்தாள். மாடிக்குப் பின்னால் இருந்த சிமெண்டு முற்றத்தில் உலை வைத்தோம். பச்சரிசியும் புழுங்கலும் சயாமும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். எல்லாம் வேகட்டும் என்று விட்டதில் மொத்தமும் குழைந்து, பருப்போடு சேர்ந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. நான் வெட்கப்பட்டேன். ரெங்கன் ஒரு வாய் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். இறங்கியது! இன்னொரு வாய். செல்லம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவர் கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்டபோது மீனாட்சி, "அண்ணி, அடுத்த தடவையும் இப்படியே தப்பாச் சமைங்க!" என்றாள்.

அதற்கப்புறம் தினம் அங்கேதான். மறுநாள் மலாய்க் குடும்பம் ஒன்று வந்தது, ஒரு சீனப் பெரியவர் மகளோடு வந்தார். சாப்பிட்டவர்கள் வெயிலுக்கு மாடியில் கொஞ்சம் சாய்ந்தார்கள். ஒரு மூட்டை காலியானால் ஒருவர் படுக்க இடம் வந்தது. காலிச் சாக்கு கீழே விரிப்பும் ஆயிற்று. மழை பெய்த ஒரு சாயங்காலம் செல்லம்மா, "இன்னைக்கு மட்டும் இங்கயே இருந்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். மறுநாள் யாரும் கேட்கவுமில்லை, போகவுமில்லை. நாங்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மாரியாத்தா சாட்சி.

கவனித்தவர் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த காப்பிக்கடைக்காரர். அவர் மரைக்காயரிடம் போய், "பாய், மாடியில புத்துக்காரங்களைக் குடி வச்சிருக்காங்க. தொத்திக்கும்னு என் கடைக்கு ஆளு வரப் பயப்படுது. அவங்க போகணும், இல்லாட்டி நான் போறேன்" என்று சொல்லிவிட்டார். மத்தியானம் மரைக்காயர் படியேறி வருகிற சத்தம் கேட்டது, பின்னால் காப்பிக்கடைக்காரரும். அப்போதுதான் சோறு இறக்கியிருந்தோம். எல்லாரும் எழுந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். மெட்ராஸில் சாத்தின கதவெல்லாம் எனக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. செல்லம்மா தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மரைக்காயர் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "நான் அரிசி வைக்க இடம் கொடுத்தேன். அரிசி எங்க?"

"சாப்பிட்டாங்க, முதலாளி" என்றான் தங்கராசு.

"சாக்கு எங்க?"

"அதுமேல படுத்திருக்காங்க, முதலாளி."

"ம்" என்றார். தேக்சாவை எட்டிப் பார்த்து முகர்ந்தார். "தங்கராசு, வண்டியில சகன் தட்டு இருக்கும், கொண்டா."

சகன் என்றால் அவர்கள் விருந்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிற பெரிய தாலம். அது வந்தது. அவரே சோற்றைக் கொட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தரையில் சம்மணமிட்டு, "ரெங்கன், வாங்க, இப்படி உட்காருங்க" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினார். ரெங்கன் நகரவில்லை. மரைக்காயர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "பிஸ்மில்லா, கை வைங்க" என்றார். ரெங்கன் ஒரு ஓரத்தில் பிசைந்தார். மரைக்காயர் அதே ஓரத்திலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தின்றார். "உப்பு கம்மி, தங்கச்சி" என்றார் விசாலத்திடம்.

தட்டில் இன்னும் இடமிருந்தது. நான் பிறந்ததிலிருந்து இன்னொருவர் தட்டில் கை வைத்ததில்லை. எங்கள் வீட்டு ஆசாரம் அப்படி. விசாலம் என்னைப் பார்க்கவே இல்லை, உப்பு எடுக்கப் போய்விட்டாள். போய் உட்கார்ந்தேன். மடியில் விழுந்த சோறு, ஆத்தா சோறு. சூடாக இருந்தது, இறங்கியது, அவ்வளவுதான். மரைக்காயர் வாயில் சோற்றோடு காப்பிக்கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, எனக்குத் தொத்திடுச்சா? நாளைக்கும் வந்து பாரு. நாளன்னைக்கும் வந்து பாரு. நான் இங்கதான் சாப்பிடுவேன்." காப்பிக்கடைக்காரர் கீழே போனார். மேலே வந்தது, அவர் கடைப் பையன் கையில் ஒரு தட்டு நிறையக் காப்பி. காசு வாங்கவில்லை.

மரைக்காயர் சொன்ன சொல் தவறாமல் வந்து அந்தத் தட்டில் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டதைப் பார்க்க வந்தவர்கள் பாய் கொண்டுவந்தார்கள், தலையணை கொண்டுவந்தார்கள். கேலாங் போலீஸ்காரர் எப்படியோ விசாரித்து ஒரு டின் அரிசியோடு வந்துவிட்டார். சிராங்கூன் ரோட்டு வீடுகளில் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட ஆரம்பித்தார்கள். அதைச் சேர்க்கப் போனவள் யார்? நம்ம மீனாட்சி! "ஆளு என்ன சொல்லும்?" என்று கேட்டேன். "சொல்லட்டும்லா" என்றாள்.

கப்பலேற நாள் வந்தது. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். "விசாலம், ஊர்ல என்ன சொல்றது? மெட்ராஸ் கட்டடத்துக்கு ஒண்ணும் கொண்டு போகலையே. உன் வேண்டுதல் என்ன ஆறது?" என்றேன். அவள் மஞ்சள் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். "கரண்டுக்கு வர்றவங்களுக்குக் கூரைன்னுதான் வேண்டிக்கிட்டேன். ஊர் பேரா சொன்னேன்? ஆத்தாளுக்கு எது பக்கம், எது தூரம்?" என்றாள். ரெங்கன் அன்று படியில் வந்து நின்று, தம் சொந்தக் குரலில், கரகரவென்று, "போயிட்டு வாங்கக்கா" என்றார். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன்.

ஊரில் கடைத்தெருக்காரர்கள் கேட்டார்கள், "விடுதி எங்கய்யா?" "தஞ்சோங் பகார்ல" என்றேன். அன்று சிரித்த சிரிப்பு! அப்புறம் அவர்களே ஒரு வண்டி அரிசியோடு மெட்ராஸ் மரத்தடிக்குப் போனார்கள். அங்கே கூரை கிடைக்க நாளாயிற்று. ஆனால் அங்கேயும் முதலில் போனது பானைதான், நாங்கள் எல்லாரும் முதலில் உட்கார்ந்தது ஒரே தட்டில்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்போது சிலர் இந்தக் கதையைச் சொல்லும்போது ஆத்தா கனவில் வந்தாள் என்கிறார்கள், மரைக்காயர் பங்களா எழுதிவைத்தார் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சேர்த்தவர்கள் தட்டை விட்டுவிடுகிறார்கள். ஆசாரக்காரர்கள் கூசுவார்கள் என்று விடுகிறார்களாம். விடாதீர்கள். எங்கேயோ ஒரு வீட்டில் இன்றைக்கும் ஒரு புற்றுக்காரருக்குத் தனிக் கிண்ணம் வைத்து, கொல்லைப்புறத்தில் உட்காரவைத்திருப்பார்கள். அந்த வீட்டுக்கு இந்தக் காகிதம் போய்ச் சேர வேண்டும். உங்கள் கையைத் தாண்டும்போது ஒரு வரி கூட்டாமல், ஒரு வரி குறைக்காமல் அடுத்தவரிடம் கொடுங்கள். நான் சாப்பிட்டேன், மரைக்காயர் சாப்பிட்டார், ரெங்கன் சாப்பிட்டார். யாருக்கும் ஒன்றும் தொற்றவில்லை. விசாலம் இதைக் கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்கிறாள்.